ஏழாம் எண்ணின் வயிற்றைப் பார்க்காதவன்

மேடையில் வீற்றிருக்கும் நிறுவனத் தலைவர் அவர்களே! அவருக்கு இடமும் வலமும் அமர்ந்து அவர் சாய்ந்துவிடாமல் காத்துவரும் துறைத் தலைவர்களே! முன்வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும் குடும்பத்தாரே! நடுவரிசையில் கைப்பேசியைத் துடைத்துக்கொண்டிருக்கும் ஆராய்ச்சி மாணவர்களே! கடைசி வரிசையில் கதவையே பார்த்துக்கொண்டிருக்கும் நிர்வாகப் பிரிவு நண்பர்களே! பக்கத்துக் கட்டடத்தில் கூடு கட்டி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டுவிட்ட ஆயிரத்து நூறு பட்டுப்புழுக்களே! உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

புழுவுக்கு எதற்கய்யா வணக்கம் என்று கேட்காதீர்கள். மறைந்தவருக்கு அவையும் நெருங்கிய சொந்தம். சொல்லப்போனால், நம்மில் பாதிப் பேரைவிட அவற்றோடுதான் அவர் அதிகம் பேசினார். அவை எதிர்த்துப் பேசவில்லை, கூட்டத்துக்குத் தாமதமாக வரவில்லை, செய்யாத வேலையைச் செய்ததாக ஒருநாளும் சொன்னதில்லை. கடைசியாகச் சொன்னதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குத்தான் நான் எழுந்து நிற்கிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் வளர்ப்பு அறைப் பொறுப்பாளர். புழுவுக்கு இலை நறுக்கிப் போட்டு, தட்டு மாற்றி, ஆண் எது பெண் எது என்று பிரித்துக் கொடுப்பவன். எனக்குப் பணி ஓய்வு கொடுத்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அந்த ஆணை இன்னும் புழுக்களுக்குப் போய்ச் சேராததால் தினமும் வந்துகொண்டிருக்கிறேன். இந்த நிறுவனத்தில் எல்லோரும் என்னை மாமா என்கிறீர்கள். வாசல் காவலர் என்னைவிட ஆறு வயது மூத்தவர். அவரும் மாமா என்கிறார். இந்த உறவுமுறையைத் தொடங்கிவைத்தவர் இப்போது படமாக இருக்கிறாரே, அவர்தான். வேலையில் சேர்ந்த முதல் நாள், ஈரக் கையோடு நின்ற என்னைப் பார்த்து, “மாமா, இந்தத் தட்டை எங்க வைக்கிறது?” என்றார். அன்றைக்கு ஆன மாமா, இன்றைக்கும் மாமா.

அவருடைய பட்டங்களைத் தலைவர் வாசித்துவிட்டார். முதுமுனைவர், தலைமை ஆராய்ச்சியாளர், தரவுத்தள நிறுவனர். மூச்சு முட்ட வாசித்தார். நாங்கள் வைத்த பட்டத்தை மட்டும் விட்டுவிட்டார். டபிள்யூ அம்மா! அந்தப் பெயருக்குத்தானே அவர் திரும்பிப் பார்த்தார்? முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நேரே நடந்துபோய்விடுவாரே!

உங்கள் கையில் ஓர் அச்சுத்தாள் இருக்கிறது. வாசலில் கொடுத்தார்கள். அதில் ஆறாவது வரியைப் பாருங்கள். “தமது மாதிரிப் பிழையைத் தாமே உலகறிய ஒப்புக்கொண்ட நேர்மையாளர்” என்று போட்டிருக்கிறது. நல்ல தாள், நல்ல மை, நல்ல வாக்கியம். ஆனால் அந்தப் பிழை அவருடையது அல்ல. யாருடையது என்பதைச் சொல்லாமல் நான் இந்த மேடையை விட்டு இறங்கப்போவதில்லை. வருகிற வெள்ளிக்கிழமை நம் தரவுத்தளத்தைப் புதிய இடத்துக்கு மாற்றிப் பூட்டப்போகிறார்கள். பூட்டிவிட்டால் பழைய பதிவுகளில் ஒரு புள்ளியைக்கூட அசைக்க முடியாது. அந்தப் பிழை உலகம் உள்ளவரை அவர் தலையில்தான் உட்கார்ந்திருக்கும். இன்று புதன். எனக்கு இருப்பது இரண்டே நாள்.

அதற்கு முன், குடும்பத்தாருக்குப் புரியும்படி டபிள்யூ என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். முப்பத்தோரு வருடம் ஒட்டுக்கேட்ட பாடம். தப்பிருந்தால் மேடையில் இருப்பவர்கள் மனதுக்குள் திருத்திக்கொள்ளலாம். மனிதரில், ஆண் என்று முடிவு செய்யும் குரோமோசோம் ஆணிடம் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டுதான் இவ்வளவு ஆட்டம். பட்டுப்புழுவில் அது தலைகீழ். ஆணுக்கு இரண்டும் ஒரே மாதிரி, இசட், இசட். பெண்ணுக்கு ஓர் இசட், ஒரு டபிள்யூ. டபிள்யூ இருந்தால் பெண், இல்லாவிட்டால் ஆண். அவ்வளவுதான். அதிகாரம் முழுக்க அம்மா கையில். “இதைக் கண்டுபிடிக்க நுண்ணோக்கி எதுக்கம்மா, எங்க வீட்டுக்கு வந்தா போதுமே” என்றேன் ஒருமுறை. “உங்க வீட்ல ஒரு மாதிரிதான் இருக்கு மாமா, குறைஞ்சது நாப்பது வேணும்” என்றார்.

அந்த டபிள்யூவை அந்தக் காலத்தில் யாரும் சீண்டமாட்டார்கள். ஏன்? படிக்க முடியாது. கிழிந்த செய்தித்தாளை லட்சம் துண்டாக்கி, அதில் தொண்ணூறாயிரம் துண்டில் ஒரே விளம்பரம் இருந்தால் எப்படி ஒட்டுவீர்கள்? அப்படித்தான் டபிள்யூ. சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லும். பெரிய பெரிய அறிஞர்கள் எல்லாம், “அது குப்பை” என்று கையைத் தட்டிவிட்டுப் போனார்கள். டபிள்யூ அம்மா என்ன சொன்னார்? “குப்பைன்னு சொல்றவங்க கிளறிப் பாத்தாங்களா?” என்றார். கிளறினார்! ஒரு நாளா, இரண்டு நாளா? அவர் பார்த்த எழுத்துகளை வரிசையாக எழுதினால் நிலவுக்குப் போய், அங்கே ஒரு காபி குடித்துவிட்டு, திரும்பி வந்து இந்தக் கட்டடத்தை ஏழு சுற்றுச் சுற்றலாம். மிகைப்படுத்துகிறேன் என்கிறீர்களா? சரி, காபியை எடுத்துவிடுங்கள்.

கிளறியதை எல்லாம் போட்டு வைக்க அவர் கட்டியதுதான் தரவுத்தளம். பதினாலாயிரம் பதிவுகள். எந்தப் புழு, எந்தத் தட்டு, ஆணா பெண்ணா, யார் பிரித்தது, யார் பார்த்தது, எல்லாம் அதில் இருக்கும். உலகத்தில் எந்த மூலையில் யார் பட்டுப்புழுவைப் பற்றி யோசித்தாலும் அவர்கள் நம் வாசலில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுத்தான் யோசித்தார்கள். அதைக் கட்டுகிற நேரத்தில் கணினிக்காரருக்கும் அவருக்கும் நடந்த சண்டை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் அப்போது இலைக் கூடையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். கூடை கனத்தது; ஆனாலும் சண்டை நன்றாக இருந்ததால் இறக்கவில்லை.

“மேடம், ஆண், பெண், ரெண்டு கட்டம் போதுமே. மூணாவதா எதுக்கு ‘தெரியாது’ன்னு ஒண்ணு?”

“தெரியாதவங்க எங்க போய் டிக் பண்ணுவாங்க?”

“தெரியலன்னா காலியா விடட்டும் மேடம்.”

“காலியா விட்டா மறந்துட்டாங்களா, தெரியலையான்னு எப்படித் தெரியும்?”

“ஆனா பாக்கறதுக்கு அசிங்கமா இருக்கும் மேடம். இவ்வளவு பெரிய நிறுவனம், ‘தெரியாது, தெரியாது’ன்னு...”

“தெரியாததைத் தெரியும்னு போடுங்க. இன்னைக்கு அழகா இருக்கும். அசிங்கம் ஆறு வருஷம் கழிச்சு வரும்.”

மூன்றாவது கட்டம் வந்தது. ஆறு வருடம் என்று ஏதோ பேச்சுக்குச் சொன்னார். அது அப்படியே பலித்துவிட்டதுதான் கொடுமை.

இனிமேல் சொல்லப்போவதுதான் என் கதை.

பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பு. புழுவில் ஆண் பெண் பிரிப்பதற்கு எங்களிடம் ஒரு குறுக்குவழி இருந்தது. நாங்கள் வளர்த்த ரகத்தில் பெண் புழுவின் தோலில் கறுப்புக் குறி இருக்கும்; ஆண் வெறும் வெள்ளை. ஆனால் அது முதல் பார்வை மட்டும்தான். புழு கூடு கட்டியபின் கூட்டை வெட்டி, உள்ளே இருக்கும் கூட்டுப்புழுவைப் புரட்டி, வயிற்றின் அடியைப் பார்க்க வேண்டும். பெண்ணுக்கு அங்கே பெருக்கல் குறிபோல ஒரு மெல்லிய கோடு. ஆணுக்கு ஒரு சின்னப் புள்ளி. தோல் சொன்னதை வயிறும் சொன்னால்தான் கணக்கு. இது சட்டம்.

ஆனால் எனக்கு எதற்குச் சட்டம்? நான் அப்போது யார்? வளர்ப்பு அறையின் சக்கரவர்த்தி! கண்ணைக் கட்டிவிட்டாலும் புழு ஊரும் சத்தத்தை வைத்தே ஆணா பெண்ணா என்று சொல்வேன் என்று இந்தக் கட்டடம் முழுக்கத் தம்பட்டம் அடித்துக்கொண்டிருந்தவன். பதிமூன்று வருடமாகத் தோல் என்னிடம் பொய் சொன்னதே இல்லை. அன்று உணவகத்துக்காரரிடம் பந்தயம் கட்டியிருந்தேன். “உன் டீ வர்றதுக்குள்ள நாப்பது பெண்ணையும் குழாய்ல போட்டு மூடிடுவேன், பாக்கிறியா?” டீ வரவில்லை. அதற்குள் நாற்பதையும் போட்டு மூடிவிட்டேன். எப்படி? கறுப்புக் குறித் தட்டிலிருந்த கூடுகளை வெட்டி, கூட்டுப்புழுக்களை உதறி உதறிச் சோதனைக் குழாயில் போட்டேன். ஒன்றையும் புரட்டவில்லை.

பக்கத்து அறையில் வேறொரு ரகம் வளர்த்தார்கள். அதில் ஆணுக்கும் கறுப்புக் குறி உண்டு. முந்தைய தலைமுறையில் அங்கிருந்து ஓர் ஆண் அந்துப்பூச்சி எங்கள் பக்கம் வந்துவிட்டது. பட்டு அந்துப்பூச்சிக்குப் பறக்கத் தெரியாது. ஆனால் பெண் இருக்கிற இடத்துக்கு எப்படியாவது இறக்கையை அடித்துக்கொண்டு நடந்தே வந்து சேர்ந்துவிடும். அழையா விருந்தாளி! கட்டடத்தில் அதற்கு மட்டும் அனுமதிச் சீட்டு கேட்கவில்லை. அந்த மாப்பிள்ளைக்குப் பிறந்த மகன்களில் ஒருவன், அப்பாவின் கறுப்புக் குறியோடு, பெண் தட்டில் உட்கார்ந்திருந்தான். அவனைத் தூக்கி ஏழாம் எண் குழாயில் போட்டேன். வெளியே சீட்டு ஒட்டினேன். என்ன எழுதினேன்? “பெண்.”

அப்புறம் டீ வந்தது. சூடாக இருந்தது. பந்தயத்தில் ஜெயித்த டீ.

டபிள்யூ அம்மா அந்த நாற்பது பெண்களையும், நாற்பது ஆண்களையும் சோதித்தார். அவர் தேடியது டபிள்யூவில் ஒரு சின்னத் துண்டு. எல்லாப் பெண்ணிலும் இருக்க வேண்டும், எந்த ஆணிலும் இருக்கக் கூடாது. அப்படி ஒன்று கிடைத்தால், “நீ பெண்” என்று புழுவுக்குச் சொல்கிற குரல் அதுவாக இருக்கலாம். கிடைத்தது! ஆண்களில் ஒருவரிடமும் இல்லை. பெண்களில் முப்பத்தொன்பது பேர் கை தூக்கினார்கள். ஒரே ஒருத்தி தூக்கவில்லை. ஏழாம் எண்.

வளர்ப்பு அறைக்கு வந்தார். நான் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன்.

“மாமா, ஏழாம் நம்பர் பொண்ணுதானே?”

“அம்மா! என்னைச் சந்தேகப்படுங்க, என் பொண்டாட்டியைச் சந்தேகப்படுங்க, என் தட்டை மட்டும் சந்தேகப்படாதீங்க!”

சிரித்தார். நானும் சிரித்தேன். தட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் திரும்பிப் போய் அதே குழாயை மூன்று முறை சோதித்தார். ஏழாம் எண் மூன்று முறையும் உண்மையைத்தான் சொன்னது. பொய் சொன்னது குழாயின்மேல் இருந்த சீட்டு. என் கையெழுத்தில் இருந்த சீட்டு. ஒரு பெண்ணிடம் இல்லாத துண்டு பெண்மையைத் தீர்மானிக்க முடியாது என்று அவர் அந்தத் துண்டின்மேல் ஒரு கோடு போட்டுவிட்டு வேறு இடத்தில் தேடப் போனார். எத்தனை வருடம் தேடினார்? ஆறு!

நீங்களே சொல்லுங்கள். ஆறு வருடம் ஒருவர் வீட்டுச் சாவியைத் தெருத் தெருவாகத் தேடுகிறார். அது அவர் பையிலேயே இருக்கிறது. “பையில இல்லம்மா, நான் பாத்துட்டேன்” என்று சொன்னவன் நான். பாவி நான் பையைத் திறக்கவே இல்லை!

ஆறாவது வருடம் கடல் கடந்த ஓர் ஆய்வகத்திலிருந்து கடிதம் வந்தது. அவர்கள் தங்கள் புழுக்களில் அதே துண்டைக் கண்டுபிடித்துவிட்டார்கள். பெரிய பத்திரிகையில் வரப்போகிறது. நம் தரவுத்தளத்தையும் பார்த்திருக்கிறார்கள். மரியாதையாக ஒரு கேள்வி: “உங்கள் பெண்களில் ஏழாம் எண்ணிடம் மட்டும் இது ஏன் இல்லை?” அவ்வளவுதான். அன்று மத்தியானமே டபிள்யூ அம்மா பழைய குழாயை எடுத்து வேறு வழியில் சோதித்தார். ஏழாம் எண்ணிடம் அந்தத் துண்டு மட்டுமா இல்லை? டபிள்யூவே இல்லை. அவன் ஆண்.

மறுபடியும் வளர்ப்பு அறைக்கு வந்தார். இந்த முறை சிரிக்கவில்லை. கோபமும் இல்லை. கதவைச் சாத்திவிட்டு, என் எதிரில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“மாமா, ஏழாம் நம்பரோட வயித்தைப் பாத்தீங்களா?”

சபையோரே, ஆறு வருடத்துக்கு முன் நான் அடித்தது ஜம்பம். அதற்கு மன்னிப்பு உண்டு. இப்போது கேட்பது வேறு கேள்வி. எனக்கு எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது. பந்தயம், உதறிய கை, டீ. “பாக்கலம்மா.” ஒரே வார்த்தை. அதற்கு எவ்வளவு நேரம் ஆகும்?

“பாத்தேன்” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். மேசைமேல் வளர்ப்பு அறை நோட்டு இருந்தது. அதை எடுத்துப் பதினெட்டாம் பக்கத்தைத் திறந்து கொஞ்ச நேரம் பார்த்தார். மூடினார். “சரி மாமா” என்று எழுந்து போனார்.

அந்த நோட்டைக் கொண்டுவந்திருக்கிறேன். இந்தத் துணிப்பையில் இருக்கிறது. “வயிறு பார்த்தது” என்று ஒரு கட்டம். மற்ற எல்லாப் பக்கத்திலும் ஒவ்வொரு வரிக்கும் தனித்தனி டிக், கோணலும் மாணலுமாக, புழுச் சாறு கறையோடு. பதினெட்டாம் பக்கத்தில் மட்டும் மேலே ஒரு டிக். அதற்குக் கீழே முப்பத்தொன்பது வரிக்கும் சேர்த்து ஒரே நீளமான கோடு, சறுக்குமரம் மாதிரி. ஒரு கறைகூட இல்லை. சின்னக் குழந்தை பார்த்தால்கூடச் சொல்லும், இவன் பார்க்கவில்லை என்று. பதினாலாயிரம் பதிவில் ஒரு காற்புள்ளி இடம் மாறினால் தூக்கம் வராதவர் அந்தக் கோட்டைப் பார்த்தார். அவருக்குப் புரியாமலா இருந்திருக்கும்?

அன்று சாயங்காலம் தரவுத்தளத்தில் ஏழாம் எண் பதிவைத் திருத்தினார். பால் என்ற இடத்தில் “ஆண்” என்று மாற்றினார். குறிப்பு: “முந்தைய பதிவு பிழை. பொறுப்பு என்னுடையது.” கீழே அவர் பெயர். உலகமே படித்தது.

அதனால் என்ன நடந்தது? கண்டுபிடிப்பின் புகழ் கடல் தாண்டிப் போனது, அது போகட்டும். ஆனால் அடுத்த மாதம் அவருடைய பதவி உயர்வுக் குழு கூடியது. அந்தக் குறிப்பை அச்செடுத்து மேசையில் வைத்திருந்தார்கள். குழுவில் ஒருவர், “ஒரு புழு ஆணா பெண்ணான்னு கூடப் பாக்காம ஆறு வருஷம் ஆராய்ச்சி பண்ணீங்களா?” என்று கேட்டார். அவர் என் பெயரைச் சொல்லவில்லை. பதவி உயர்வு வரவில்லை. அவர் அறையை மாடியிலிருந்து படிக்கட்டுக்குக் கீழே மாற்றினார்கள். அங்கே நிமிர்ந்தால் தலை இடிக்கும். பன்னிரண்டு வருடம் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். அந்தக் கேள்வியைக் கேட்டவர் இன்று மேடையில்தான் இருக்கிறார். யாரென்று சொல்லமாட்டேன். அவர் இப்போது தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறார்.

குடியுங்கள் ஐயா, தப்பில்லை. நீங்கள் கேட்டது சரியான கேள்விதான். தவறான ஆளிடம் கேட்டுவிட்டீர்கள். பதில் தெரிந்தவன் அப்போது வெளியே நடைபாதையில், காலித் தட்டோடு, கதவில் காதை வைத்து நின்றுகொண்டிருந்தான். உள்ளே வரவில்லை.

அதற்குப் பிறகு டபிள்யூ அம்மா ஒரு புது விதி கொண்டுவந்தார். “ரெண்டு கண்ணு போதாது மாமா, இனிமே நாலு கண்ணு” என்றார். கூட்டுப்புழு பிரிக்கிற ஒவ்வொரு முறையும் என் எதிர் ஸ்டூலில் வந்து உட்காருவார். நான் ஒன்றைப் புரட்டிப் பார்த்து “பெண்” என்பேன். அவர் கையில் வாங்கிப் பார்த்து “பெண்” என்பார். அப்புறம்தான் குழாய். பன்னிரண்டு வருடம், ஒரு தொகுதிகூட விடவில்லை. காய்ச்சலோடு வந்திருக்கிறார். மகள் கல்யாணத்துக்கு மறுநாள் வந்திருக்கிறார், கண் எல்லாம் தூக்கத்தோடு. தலைமை ஆராய்ச்சியாளர் செய்கிற வேலையா இது? முதலில் எனக்கு ரோஷம் வந்தது. என்னை வேவு பார்க்கிறார் என்று நினைத்தேன்.

“இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் என்மேல நம்பிக்கை இல்லையாம்மா?” என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

“உங்க மேல இருக்கு மாமா. பந்தயத்து மேலதான் இல்ல” என்றார். கையிலிருந்த புழுவிலிருந்து பார்வையை எடுக்காமலே சொன்னார். “இது ஆண். அடுத்தது குடுங்க.”

பந்தயம் வரைக்கும் தெரிந்திருக்கிறது! உணவகத்துக்காரரைக் கேட்டிருக்க வேண்டும். அன்று எனக்கு வேர்த்த வேர்வையில் ஆயிரம் புழு குளித்திருக்கும். அவர் அடுத்த கூட்டுப்புழுவுக்குக் கையை நீட்டிக்கொண்டிருந்தார். கொடுத்தேன். வேறென்ன செய்ய?

அந்த ஸ்டூல்களில் உட்கார்ந்து என்னென்ன பேசியிருக்கிறோம்! அவர் கணவரின் குறட்டை, என் மனைவியின் மறதி, தலைவரின் புது மூக்குக்கண்ணாடி, எல்லாம் பேசியாயிற்று. ஏழாம் எண்ணை மட்டும் பேசவில்லை.

மூன்று வாரத்துக்கு முன் மருத்துவமனைக்குப் போனேன். மூக்கில் குழாயோடு படுத்திருந்தார். இன்று சொல்லிவிடுவது என்று வழி நெடுக ஒத்திகை பார்த்துக்கொண்டு போயிருந்தேன். உட்கார்ந்ததும், “புழு நாலாவது தோல் உரிச்சாச்சா?” என்றார். உரித்துவிட்டது என்றேன். “இலை ஈரமில்லாம போடுங்க” என்றார். போடுகிறேன் என்றேன். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன்.

“அம்மா, அந்த ஏழாம் நம்பர்...”

“அது பழைய தொகுதி மாமா” என்று என் கையைத் தட்டினார். “இந்தத் தொகுதிக்கு எதிர் ஸ்டூல்ல யாரு உக்காருவாங்க? அதைச் சொல்லுங்க.”

அவர் தலையணையைச் சரிசெய்துவிட்டு எழுந்து வந்தேன். எட்டு நாள் கழித்துச் செய்தி வந்தது.

எனவே, அவர் என்னை மன்னித்துவிட்டார். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் மன்னிப்பு என்பது அவர் கையில் இருந்த பொருள், கொடுத்துவிட்டுப் போய்விட்டார். திருத்தம் என் கையில் இருக்கிறது. அதை யாரும் எனக்காகச் செய்ய முடியாது.

நேற்று, முதலில் அவர் கணவரிடம் போனேன். முன்வரிசையில் இருக்கிறார். லிஃப்ட் மெக்கானிக், அதிகம் பேசமாட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். கையிலிருந்த ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“அன்னைக்கு ராத்திரி அவ சாப்பிடலை மாமா. யாரு பண்ணினதுன்னு கேட்டேன். ‘பொய் சொல்லக்கூடத் தெரியாத ஒருத்தர்’னு சொன்னா. நான் உங்க தலைவரைத்தான் நினைச்சேன். பன்னெண்டு வருஷமா அவரைப் பாக்கும்போதெல்லாம் முறைச்சுக்கிட்டு இருந்தேன். ஆனா ஒண்ணு மட்டும் இடிச்சுது, அவருக்குப் பொய் சொல்ல நல்லாத் தெரியுமேன்னு.”

தலைவர் அவர்களே, இது அவர் சொன்னது, நான் சொன்னதல்ல. அந்த முறைப்புக்கெல்லாம் சேர்த்து உங்களிடம் நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

“ஊருக்கு முன்னாடி சொல்லட்டுமா? அவங்க மறைச்சதை நான் உடைக்கலாமா?” என்று கேட்டேன். “லிஃப்ட்ல ஒரு கோளாறு வந்தா, யாரு எதைப் பாக்காம விட்டான்னு எழுதி வைப்போம் மாமா. திட்டறதுக்கு இல்ல. அடுத்த ஆளு அதே கயிறை நம்பி உள்ள போய் நிப்பான் இல்லையா, அதுக்கு. எழுதுங்க” என்றார்.

அதற்குப் பிறகு தரவுத்தளத்தை இப்போது கவனித்துக்கொள்ளும் கமாவிடம் போனேன். கமா என்பது நாங்கள் வைத்த பெயர். காற்புள்ளி தப்பினால் சாப்பாடு இறங்காது, டபிள்யூ அம்மாவின் நேர் வாரிசு. “திருத்தணும்னா ஆதாரம் வேணும் மாமா, கதை சொன்னா பத்தாது” என்றார். நோட்டைக் காட்டினேன். பதினெட்டாம் பக்கத்தைப் பார்த்தார். ஏழாம் எண் பதிவைத் திரையில் திறந்தார். பன்னிரண்டு வருடத்தில் அதை நான் பார்த்ததே இல்லை. பார்க்கப் பயம். குறிப்பு தெரியும், எல்லோருக்கும் தெரியும். அதற்கு மேலே இருந்த கட்டங்கள்தான் எனக்குத் தெரியாது.

“பிரித்தவர்” என்று ஒரு கட்டம். மற்ற எழுபத்தொன்பது மாதிரியிலும் அங்கே என் பெயர் இருக்கிறது. ஏழாம் எண்ணிலும் இருந்திருக்கிறது. அதை அழித்துவிட்டு, அன்று சாயங்காலம் டபிள்யூ அம்மா அங்கே என்ன போட்டிருக்கிறார் தெரியுமா? கணினிக்காரரோடு சண்டை போட்டு வாங்கிய அந்த மூன்றாவது சொல். “தெரியாது.”

தெரியாததைத் தெரியும் என்று போடக் கூடாது என்று வாழ்நாள் முழுக்கக் கத்திய மனுஷி! பதினாலாயிரம் பதிவில் ஒரே ஓர் இடத்தில், தெரிந்ததைத் தெரியாது என்று போட்டிருக்கிறார். அவர் தெரிந்தே விட்டுவைத்த ஒரே பிழை! அதுவும் யாருக்காக? ஒரு டீக்குப் பந்தயம் கட்டியவனுக்காக.

நான் அந்தத் திரைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். கமா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். இந்த நிறுவனத்தில் யார் யாரோ தண்ணீர் குடிக்கிறார்கள், என்னையும் சேர்த்து.

பெரியோர்களே, நண்பர்களே! இரங்கல் கூட்டத்தில் கடைசியில் என்ன சொல்வார்கள்? அன்னாரின் பணியைத் தொடர்வோம் என்பார்கள். நானும் சொல்ல வேண்டும். ஆனால் அவருடைய பணி என்ன? டபிள்யூவைப் படிப்பதா? அதற்கு எனக்கு மூளை போதாது. பதினாலாயிரம் பதிவைக் காப்பதா? அதற்குக் கமா இருக்கிறார். என்னால் முடிந்தது ஒரு கட்டம். ஒரே ஒரு கட்டத்தை நேராக்கிவிட்டுப் போகிறேன்.

ஏழாம் எண். ஆண். பிரித்தவன் நான். வயிற்றைப் பார்க்கவில்லை. பார்த்ததாகச் சொன்னேன். இதை இத்தனை பேர் முன்னிலையில் சொல்லிவிட்டேன், கமா, எழுதிக்கொள்ளம்மா. குறிப்பில் அவர் எழுதிய வரியை அழிக்க வேண்டாம். அவர் எழுதியது அவருடையது. அதற்குக் கீழே என்னுடையதைப் போடு. அச்சுத்தாளில் ஆறாவது வரியை அவரவர் பேனாவால் அடித்துவிடுங்கள். அந்த வரி இல்லாவிட்டாலும் அவர் நேர்மையாளர்தான்.

என்ன கமா, கையைத் தூக்குகிறாய்? ஆமாம், ஆமாம். நான்கு கண் விதி. பதிவைத் திருத்துவதற்கும் இரண்டு கையெழுத்து வேண்டும். ஒன்று என்னுடையது. இரண்டாவது கையெழுத்துப் போட்டுவந்தவர்தான் படமாக இருக்கிறார். நோட்டைக் கண்ணால் பார்த்து, இவன் சொல்வது சரி என்று இன்னொருவர் போட வேண்டும். இதோ, இந்த மேசையில் பதினெட்டாம் பக்கத்தைத் திறந்து வைக்கிறேன். பக்கத்தில் பேனாவும் இருக்கிறது.

இன்னொன்று. அந்த ஆயிரத்து நூறு கூடுகளை நாளைக் காலை எட்டு மணிக்கு வெட்ட ஆரம்பிக்க வேண்டும். அவர் முட்டையாகப் பார்த்த கடைசித் தொகுதி. நான் என் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பேன். எதிர் ஸ்டூலைத் துடைத்து வைத்திருக்கிறேன். பட்டம் தேவையில்லை, பதவி தேவையில்லை. தலைவரும் வரலாம், லிஃப்ட் மெக்கானிக்கும் வரலாம். இரண்டு பேரும் ஒன்றாக வந்தால் எனக்கு இன்னும் சந்தோஷம். பெருக்கல் குறிக்கும் புள்ளிக்கும் வித்தியாசம் தெரிந்தால் போதும்.

நான் ஒன்றை எடுத்துப் புரட்டிப் பார்த்து, “பெண்” என்பேன். அப்புறம் கையை நீட்டிக்கொண்டு காத்திருப்பேன். அம்மா கேட்ட கேள்விக்கு அன்றைக்கு மருத்துவமனையில் என்னிடம் பதில் இல்லை. நாளைக்கு எதிரிலிருந்து யாராவது ஒருவர் அதை வாங்கிப் பாருங்கள். பார்த்துவிட்டு மட்டும் சொல்லுங்கள்.